வெப்ப உமிழ் வினைகளுக்கான குளிர்விப்பு வினைகலன்களின் உகந்த வடிவமைப்பு: கந்தக அமிலத் தயாரிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெப்பத்தை உமிழும் வேதிவினைகளை நடத்தும் கலன்களில் குளிர்விப்பு ஒரு துணை ஏற்பாடு அன்று. கலனின் அளவையும் விளைச்சலையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் முதன்மைக் கூறு அதுவே. மீள்வினைகளில் வினைவேகமும் சமநிலையும் வெப்பநிலையை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. அதனால் உகந்த வெப்பநிலை ஒரே எண்ணாக அமையாமல், வினை முன்னேற முன்னேற இறங்கிச் செல்லும் பாதையாக அமைகிறது. கந்தக டைஆக்சைடு ஆக்சிஜனேற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்பாதையைப் படுகைகளாலும் இடைக்குளிர்விப்பாலும் அணுகும் முறையையும், அதன் உகப்பாக்க விதிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இராணிப்பேட்டை, தூத்துக்குடி ஆகிய ஊர்களின் தொழில் அனுபவம் இதற்குக் களமாகிறது. உகப்பாக்கத்தின் இலக்கில் எச்செலவுகள் சேர்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே 'உகந்தது' என்னும் சொல்லின் பொருள் அமைகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வெப்ப உமிழ் வினை, வினைகலன், இடைக்குளிர்விப்பு, உகப்பாக்கம், கந்தக அமிலம், தூத்துக்குடி, இராணிப்பேட்டை

1. முன்னுரை

இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை 1906ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் நிறுவப்பட்டது. ஆண்டுக்கு 6,000 டன் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கும் திறன் அதற்கு இருந்தது. நீரில் கரையாத பாஸ்பேட் பாறையைப் பயிர் ஏற்கத்தக்க உரமாக மாற்றுவது கந்தக அமிலமாகும். உரத்தொழில் வளர்ந்த இடங்களில் எல்லாம் கந்தக அமிலத் தேவையும் உடன் வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

கந்தக அமிலத் தயாரிப்பின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு வினை. கந்தக டைஆக்சைடு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கந்தக டிரைஆக்சைடாகிறது. ஒரு மோல் கந்தக டைஆக்சைடு மாறும்போது ஏறத்தாழ 98 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. வினை இரு திசைகளிலும் நடக்கவல்லது. தக்க வினையூக்கியின்றித் தொழில் அளவில் நடக்காது. வெப்ப உமிழ்வு, மீள்தன்மை, வினையூக்கித் தேவை ஆகிய மூன்றும் கூடுவதால், குளிர்விப்பு வினைகலன் வடிவமைப்பைக் கற்பிக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய நிறுவனங்களில் வேதிப்பொறியியல் பயில்வோர் வினைகலன் பாடத்தில் சந்திக்கும் வினைகளுள் இதுவும் ஒன்று. பாடநூலில் சமன்பாடாக நிற்கும் இவ்வினை, ஆலை அமைந்த ஊரில் மக்கள் மூச்சிழுக்கும் காற்றோடு தொடர்புடையதாகி விடுகிறது. இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இதில் வரும் வெப்பநிலைகள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், செல்சியஸ் பாகையில் தரப்படுகின்றன.

2. வேகமும் எல்லையும்

வெப்பநிலை உயர்ந்தால் வினைவேகம் உயரும் என்பது அரீனியஸ் விதி. வெப்ப உமிழ் மீள்வினையில் வெப்பநிலை உயர்ந்தால் சமநிலை பின்னோக்கி நகரும் என்பது லீ சாட்லியர் தத்துவம். முன்னது வினையை விரைவுபடுத்துகிறது; பின்னது அவ்வினை எட்டக்கூடிய எல்லையைக் குறைக்கிறது.

இம்முரணை எண்களால் காணலாம். கந்தக டைஆக்சைடு 8 விழுக்காடு, ஆக்சிஜன் 13 விழுக்காடு, எஞ்சியது நைட்ரஜன் என அமைந்த வாயு ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதாகக் கொள்வோம். வழக்கமாகப் பயன்படும் சமநிலை மாறிலிச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், கிடைக்கும் உச்ச மாற்றளவு 600 பாகையில் ஏறத்தாழ 76 விழுக்காடு. 500 பாகையில் 94 விழுக்காடு. 450 பாகையில் 98 விழுக்காடு. குளிர்ந்த நிலையே நல்லது என இவ்வெண்கள் கூறுகின்றன. ஆனால் ஏறத்தாழ 400 பாகைக்குக் கீழே வழக்கமான வனேடியம் வினையூக்கியின் செயல்திறன் விரைந்து சரிகிறது. வினையூக்கியின் செயல்படு பகுதி நுண்துளைகளுக்குள் உருகிய உப்புப் படலமாக இருந்து பணியாற்றுகிறது. குளிர்ந்தால் அது செயலிழக்கிறது.

இவ்விரு விளைவுகளுக்கும் இடையே ஒவ்வொரு மாற்றளவிலும் வினைவேகம் உச்சமடையும் ஒரு வெப்பநிலை உண்டு. அதனைக் காணும் விதி எளிது. முன்வினை வேகத்தை அதன் கிளர்வு ஆற்றலால் பெருக்கி வரும் தொகையும், பின்வினை வேகத்தை அதன் கிளர்வு ஆற்றலால் பெருக்கி வரும் தொகையும் சமமாகும் வெப்பநிலையே அது. முன்வினையின் கிளர்வு ஆற்றலை மோலுக்கு 90 கிலோஜூல் என எடுத்துக்கொண்டால், மாற்றளவு 76 விழுக்காடாக இருக்கையில் உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 555 பாகை. 94 விழுக்காட்டில் 464 பாகை. 98 விழுக்காட்டில் 419 பாகை. அதாவது, உகந்த வெப்பநிலை எப்போதும் சமநிலை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே நின்று, மாற்றளவு கூடக்கூட இறங்கி வருகிறது. கலனின் ஒவ்வொரு புள்ளியிலும் இவ்வெப்பநிலை நிலவினால், மிகக் குறைந்த வினையூக்கியைக் கொண்டு வேண்டிய மாற்றளவைப் பெறலாம்.

ஆனால் இயற்கை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வினை நடக்கும்போது வெப்பம் வெளிப்படுவதால், தனித்து விடப்பட்ட வாயுவின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். மேற்சொன்ன வாயுவில் மாற்றம் முழுமையடைந்தால் ஏற்றம் ஏறத்தாழ 240 பாகையாகும். இறங்க வேண்டிய வெப்பநிலை ஏறுகிறது என்பதே குளிர்விப்பு வினைகலன் வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல்.

3. படுகைகளும் இடைக்குளிர்விப்பும்

தொழிலகங்கள் கண்ட தீர்வு, வினையூக்கியைப் பல படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படுகைக்கும் அடுத்ததற்கும் இடையே வாயுவைக் குளிர்விப்பதாகும். படுகைக்குள் வெப்பநிலை ஏறும். படுகைகளுக்கு இடையே இறங்கும். படிக்கட்டு போன்ற இப்பாதை, மேலே கண்ட உகந்த பாதையை இருபுறமும் வெட்டிச் செல்கிறது.

முந்தைய பகுதியில் எடுத்துக்கொண்ட வாயுவை நான்கு படுகைகள் வழியே செலுத்தினால் கிடைக்கும் உச்ச எல்லைகளை அட்டவணை 1 தருகிறது. ஒவ்வொரு படுகையிலும் சமநிலை எட்டப்படுவதாகவும், வெளிச்சுவர் வழியே வெப்பம் இழக்கப்படவில்லை எனவும் கொள்ளப்பட்டுள்ளது.

அட்டவணை 1. நான்கு படுகைகளின் சமநிலை எல்லைகள்
முதற்படுகை: நுழைவு 420 பாகை, வெளியேற்றம் 602 பாகை, மொத்த மாற்றளவு 75.7 விழுக்காடு
இரண்டாம் படுகை: நுழைவு 440 பாகை, வெளியேற்றம் 488 பாகை, மொத்த மாற்றளவு 95.5 விழுக்காடு
மூன்றாம் படுகை: நுழைவு 430 பாகை, வெளியேற்றம் 437 பாகை, மொத்த மாற்றளவு 98.4 விழுக்காடு
நான்காம் படுகை: நுழைவு 420 பாகை, வெளியேற்றம் 421 பாகை, மொத்த மாற்றளவு 98.9 விழுக்காடு

இவை கோட்பாட்டு எல்லைகள். நடைமுறையில் நான்கு படுகைகளும் ஒற்றை உறிஞ்சுதலும் கொண்ட ஆலை 98 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். முதற்படுகையிலேயே மாற்றத்தின் முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. ஆயினும் இத்தகைய கலன்களில் முதற்படுகைக்கு மொத்த வினையூக்கியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஒதுக்கப்படும். பிற்படுகைகள் படிப்படியாகப் பெரியவை. கடைசிச் சில விழுக்காடுகளைப் பெறுவதற்கே வினையூக்கியின் பெரும்பகுதி செலவாகிறது. சமநிலைக்கு அருகிலும் தாழ்ந்த வெப்பநிலையிலும் வினை மெதுவாக நடப்பதே இதற்குக் காரணம்.

படுகைகளுக்கு இடையே எடுக்கப்படும் வெப்பம் வீணாவதில்லை. அது நீராவி தயாரிக்கப் பயன்படுகிறது. கந்தகத்தை எரித்து அமிலம் செய்யும் ஆலைகளில், கந்தக எரிப்பின் வெப்பமும் சேர்ந்து, ஒரு டன் அமிலத்திற்கு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட நீராவி கிடைக்கும். குளிர்விப்பான் ஒருவகையில் கொதிகலனும் ஆகிறது.

4. உகப்பாக்க விதிகள்

நான்கு படுகைகள் என்று முடிவு செய்த பின்னும் தீர்மானிக்க வேண்டியவை பல. நான்கு நுழைவு வெப்பநிலைகள், நான்கு படுகை அளவுகள் என எட்டு எண்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து மதிப்புகளில் சோதித்தாலும் பத்துக்கோடிச் சேர்க்கைகள் வரும்.

இச்சிக்கலுக்கு ரிச்சர்ட் பெல்மன் வகுத்த 'டைனமிக் புரோகிராமிங்' என்னும் படிநிலை உகப்பாக்க முறை வழி தந்தது. அவருடைய நூல் 1957இல் வெளிவந்தது. அதனை வேதி வினைகலன்களுக்கு விரிவாகப் பொருத்தியவர் ரதர்ஃபோர்டு ஏரிஸ். வினைகலன்களின் உகந்த வடிவமைப்பைப் பற்றிய அவருடைய நூல் 1961இல் வெளியாயிற்று. முதலில் எடுத்த முடிவு எதுவாயினும், அதனால் விளைந்த நிலையிலிருந்து பார்க்கையில் எஞ்சிய முடிவுகள் உகந்தவையாக இருத்தல் வேண்டும் என்பது இம்முறையின் அடிக்கருத்து.

அதனால் கணக்கீடு கடைசிப் படுகையிலிருந்து தொடங்குகிறது. கடைசிப் படுகைக்குள் எந்த மாற்றளவில் வாயு நுழைந்தால், எந்த வெப்பநிலையும் எவ்வளவு வினையூக்கியும் சிறந்தவை என்று முதலில் பட்டியலிடப்படும். பின்னர் ஈற்றயற் படுகையின் முடிவுகளை அப்பட்டியலோடு சேர்த்து ஆராய்ந்தால் போதும். கடைசிப் படுகையை மீண்டும் கணக்கிட வேண்டியதில்லை. குளிர்விப்பான் வாயுவை வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவர வல்லதாதலால், ஒரு படுகையிலிருந்து அடுத்ததற்குக் கடத்தப்பட வேண்டிய தகவல் மாற்றளவு ஒன்றே. எட்டு மாறிகள் கொண்ட ஒரு பெருங்கணக்கு, இரண்டு மாறிகள் கொண்ட நான்கு சிறுகணக்குகளாகச் சுருங்குகிறது.

குறைந்த வினையூக்கியே இலக்கு என்றால், இவ்வாராய்ச்சி இரு விதிகளைத் தருகிறது.

முதல் விதி: ஒரு படுகையின் வெளிவாயிலில் உள்ள வினைவேகமும், அடுத்த படுகையின் நுழைவாயிலில் உள்ள வினைவேகமும் சமமாக இருத்தல் வேண்டும். வெளிவாயிலில் வேகம் குறைவாக இருந்தால், அங்குள்ள கடைசிப் பிடி வினையூக்கியை எடுத்து அடுத்த படுகையின் தலைப்பில் இடுவது இலாபம் என்று பொருள். அவ்வாறு மாற்றுவதால் பயனில்லை என்ற நிலையே சமன்நிலை.

இரண்டாம் விதி நுழைவு வெப்பநிலை பற்றியது. நுழைவு வெப்பநிலை மிகத் தாழ்ந்தால் படுகையின் முற்பகுதி மந்தமாகும். மிக உயர்ந்தால் பிற்பகுதி சமநிலையில் முட்டி நிற்கும். வெப்பநிலையைச் சிறிது உயர்த்துவதால் முற்பகுதியில் மிச்சமாகும் வினையூக்கியும், பிற்பகுதியில் கூடுதலாக வேண்டப்படும் வினையூக்கியும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்யும் வெப்பநிலையே உகந்தது.

குளிர்விப்பான்களுக்கு மாற்றாக, படுகைகளுக்கு இடையே குளிர்ந்த ஊட்டவாயுவையே கலந்து வெப்பநிலையைக் குறைக்கும் முறையும் உண்டு. கருவிச்செலவு இதில் குறைவு. ஆனால் வினையுறாத வாயு கலப்பதால் ஏற்கெனவே பெற்ற மாற்றளவு ஓரளவு பின்வாங்குகிறது. ஒவ்வொரு படுகையிலும் செல்லும் வாயுவின் அளவும் மாறுகிறது. கந்தக டைஆக்சைடு வினைக்கே இவ்வமைப்பின் உகந்த வடிவத்தை லீயும் ஏரிஸும் 1963இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அம்மோனியாத் தயாரிப்பிலும் இவ்வகைக் கலன்கள் பரவலாகப் பயன்பட்டு வந்துள்ளன.

5. எதனைக் குறைப்பது?

மேற்கண்ட விதிகள் வினையூக்கியின் அளவையே குறைக்கின்றன. வெளியேறும் மாற்றளவு எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அது வடிவமைப்பாளர் முன்கூட்டியே கொடுக்கும் எண்.

நாளொன்றுக்கு 1,000 டன் அமிலம் தரும் ஆலையைக் கருதுவோம். அதற்கு 653 டன் கந்தக டைஆக்சைடு மாற்றமுற வேண்டும். மாற்றளவு 98 விழுக்காடு என்றால், ஏறத்தாழ 13 டன் கந்தக டைஆக்சைடு மாற்றமுறாமல் புகைபோக்கிக்குச் செல்லும். மாற்றளவு 99.7 விழுக்காடு என்றால் அது 2 டன்னாகக் குறையும். உற்பத்திக் கணக்கில் இவ்வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஊர்க்காற்றின் கணக்கிலோ ஆறரை மடங்கு.

அட்டவணை 1இன் எல்லைகளைத் தாண்டி 99.7 விழுக்காட்டை எட்ட, படுகைகளைப் பெருக்குவது மட்டும் போதாது. சமநிலையே தடையாக நிற்கிறது. இரட்டை உறிஞ்சுதல் முறை அத்தடையை நீக்குகிறது. இடையில், பெரும்பாலும் மூன்றாம் படுகைக்குப் பின், வாயுவை உறிஞ்சுகோபுரத்தின் வழியே செலுத்திக் கந்தக டிரைஆக்சைடை அகற்றிவிடுவர். விளைபொருள் நீங்கியதால் பின்வினைக்கு இடமில்லை. எஞ்சிய கந்தக டைஆக்சைடு புதிய ஊட்டவாயுவைப் போல் நடந்துகொள்கிறது. ஆனால் கோபுரத்தில் குளிர்ந்த வாயுவை மீண்டும் 400 பாகைக்கு மேல் சூடாக்கியாக வேண்டும். அதற்கான வெப்பம் முற்படுகைகளின் குளிர்விப்பான்களிலிருந்தே வருகிறது. நீராவியாக விற்கத்தக்க வெப்பத்தின் ஒரு பகுதி, தூய காற்றுக்காகத் திருப்பி விடப்படுகிறது.

தூத்துக்குடியின் தாமிர உருக்காலை இவ்வினவைத் தமிழகத்தின் பொதுவாழ்வுக்கே கொண்டுவந்தது. தாமிரத் தாது சல்ஃபைடாதலால், உருக்கும்போது கந்தக டைஆக்சைடு பெருமளவில் எழுகிறது. அதனை அமிலமாக மாற்றுவது அங்கே கழிவு மேலாண்மையும் ஆகும். 2013 மார்ச் 23 அன்று கந்தக டைஆக்சைடு வெளியேறியதால் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டதாக மக்கள் புகார் செய்தனர். மார்ச் 29 அன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட ஆணையிட்டது. ஆலைத் தரப்பு அக்குற்றச்சாட்டை மறுத்தது. அதே ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலை மீண்டும் இயங்க அனுமதித்தது. நெடிய போராட்டங்களுக்கும், 2018 மே 22 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டு உயிரிழப்புகளுக்கும் பின், மே 28 அன்று அரசு நிரந்தரமாக மூடும் ஆணையைப் பிறப்பித்தது. அவ்வழக்குகளின் வாதங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பொதுவான பொறியியல் உண்மை ஒன்று மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது. உகப்பாக்கக் கணக்குகள் நிலைத்த இயக்கத்திற்கே எழுதப்படுகின்றன. ஆலை நின்று மீண்டும் தொடங்கும் வேளையில் படுகைகள் குளிர்ந்திருந்தால், அட்டவணையின் எந்த எண்ணும் பொருந்தாது. படுகைகளை முன்சூடேற்றும் அமைப்பும், வெளியேறும் வாயுவைக் காரக்கரைசலால் கழுவும் அமைப்பும் நிலைத்த இயக்கக் கணக்கில் 'தேவையற்ற செலவாக'த் தோன்றலாம். தொடக்க நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் அவை உகந்த வடிவமைப்பின் உறுப்புகளே.

6. குளிர்விப்பின் வெப்பநிலை

இதுவரை கண்டது படுகைகளுக்கு வெளியே குளிர்விக்கும் முறை. வினை மீளாதது, உமிழும் வெப்பமோ மிகப்பெரியது என்றால், வினை நடக்கும் இடத்திலேயே குளிர்விக்க வேண்டும். இராணிப்பேட்டையில் தயாரிக்கப்படும் தாலிக் அன்ஹைட்ரைடு இதற்குத் தக்க சான்று. ஆர்த்தோசைலீன் ஆவியைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்யும் இவ்வினை, மோலுக்கு 1,100 கிலோஜூலுக்கும் மேல் வெப்பத்தை உமிழ்கிறது. வினை தடம் மாறி முழு எரிதலாகிவிட்டால் வெப்பம் இன்னும் பன்மடங்காகும்.

இத்தகைய கலன்களில் வினையூக்கி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆயிரக்கணக்கான குழாய்களில் நிரப்பப்படுகிறது. குழாய்களைச் சுற்றி உருகிய நைட்ரேட், நைட்ரைட் உப்புக்கலவை ஓடுகிறது. குழாயின் ஒரு நீளத்தில் உண்டாகும் வெப்பம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பம் விட்டத்தை மட்டும் பொறுத்தது. ஆகவே விட்டத்தை இருமடங்காக்கினால், ஓரலகு கனஅளவுக்குக் கிடைக்கும் குளிர்பரப்பு பாதியாகிறது. குழாய்கள் மெலிந்திருப்பதன் காரணம் இதுவே.

குளிர்விக்கும் பாய்மம் 350 பாகைக்கும் மேலான வெப்பநிலையில் இருப்பது ஏன் என்ற ஐயம் எழலாம். குளிர்ந்த நீரைச் செலுத்தினால் வெப்பம் விரைவாக நீங்குமே எனத் தோன்றும். 1953இல் வான் ஹீர்டன் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வெப்பநிலையோடு வெப்ப உற்பத்தி வளைகோடாக ஏறுகிறது. வெப்ப நீக்கம் நேர்கோடாக ஏறுகிறது. இரண்டும் வெட்டும் புள்ளியே இயங்குநிலை. அங்கு நீக்கக்கோட்டின் சாய்வு உற்பத்திக்கோட்டின் சாய்வைவிட மிகுதியாக இருந்தால்தான் நிலை உறுதியானது. இல்லையெனில் சிறு ஏற்றம் பெருகிக் கட்டுமீறும். இதிலிருந்து, வினைக்கும் குளிர்பாய்மத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது பெறப்படுகிறது. கெல்வினில் கூறிய வினை வெப்பநிலையின் இருமடியை வாயு மாறிலியால் பெருக்கிக் கிளர்வு ஆற்றலால் வகுத்தால் வருவதே அவ்வெல்லை. 400 பாகையும் மோலுக்கு 110 கிலோஜூலும் எனக் கொண்டால் அது ஏறத்தாழ 34 பாகை மட்டுமே.

ஆகவே சிறிய பரப்பும் மிகக் குளிர்ந்த பாய்மமும் கொண்ட கலன், நிலைத்த இயக்கத்தில் தேவையான வெப்பத்தையே நீக்கினாலும், கத்திமுனையில் நிற்கிறது. பெரிய பரப்பும் சிறிய வெப்பநிலை வேறுபாடும் கொண்ட கலன் விலை மிகுந்தது. ஆனால் தன்னைத்தானே திருத்திக்கொள்ள வல்லது.

குளிர்விப்பைக் குறைக்கத்தக்க செலவாக மட்டும் காண்பதன் விளைவை 1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் போபால் காட்டியது. அங்கே வினைகலன் அன்று, ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு இருந்த சேமிப்புத் தொட்டியே கட்டுமீறியது. தொட்டிக்குள் புகுந்த நீர் வெப்ப உமிழ் வினையைத் தொடங்கிவைத்தது. அத்தொட்டிக்கான குளிரூட்டும் அமைப்பு அதே ஆண்டு ஜூன் முதல் நிறுத்தப்பட்டிருந்தது. அன்றாடக் கணக்கில் அந்நிறுத்தம் ஒரு சேமிப்பு. விபத்தின் வாய்ப்பையும் சேர்த்த கணக்கில் அது அளவிட இயலாத இழப்பு.

7. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, வெப்ப உமிழ் மீள்வினைக்கு உகந்தது ஒரே வெப்பநிலை அன்று. மாற்றளவு கூடக்கூட இறங்கும் வெப்பநிலைப் பாதையே. படுகைகளும் இடைக்குளிர்விப்பும் அப்பாதையின் தோராய வடிவங்கள். இரண்டு, நல்ல குளிர்விப்பு என்பது மிகுந்த குளிர் அன்று. உரிய இடத்தில் உரிய வெப்பநிலையில் போதிய பரப்போடு வெப்பத்தை எடுப்பது. மூன்று, கணிதமுறை எத்துணைச் செம்மையானதாயினும், கொடுக்கப்பட்ட இலக்கையே அது உகப்பாக்கும். வினையூக்கியின் விலையை மட்டும் இலக்கில் வைத்தால் 98 விழுக்காடு உகந்ததாகத் தோன்றும். ஆலையைச் சூழ்ந்து வாழ்வோரின் காற்றையும், தொடக்க நேரத்தையும், கட்டுமீறும் வாய்ப்பையும் சேர்த்தால் விடை வேறாகும்.

வகுப்பறையில் வினைகலன் கணக்குகளைத் தரும்போது இலக்குச் சார்பைக் கொடுக்கப்பட்ட ஒன்றாக வைக்காமல், அதனை எழுதும் பொறுப்பையும் மாணவரிடமே விடுவது பயன்தரும். அட்டவணை 1ஐப் போன்ற கணக்கை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். அதன் கடைசி வரிக்குப் பின் எஞ்சும் ஒரு விழுக்காட்டு வாயு எங்கே செல்கிறது என்ற வினாவிலிருந்துதான் வடிவமைப்புக் கல்வி தொடங்க வேண்டும்.